நூறு-நானூறு: பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூந்தன்குளம், விஜயநாராயணம் குளம் என்று பறவை எடுக்கக் கிளம்பிவிடுவேன். கேமரா கேனான் 7டி மார்க் 2. லென்ஸ், இழுத்துத் தள்ளும் பழைய 100-400 மி.மீ. ஜூம். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 400-இல் வைத்து எடுத்தால் இறகு தனித்தனியாகத் தெரிவதில்லை, ஒரு மழுப்பல் இருக்கிறது. நண்பர் இதே லென்ஸின் இரண்டாம் பதிப்பை வைத்திருக்கிறார். அவர் படங்கள் நச்சென்று இருக்கின்றன. என்னுடையதை 38,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு, பழகிய இரண்டாம் பதிப்பை 98,000-க்குத் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். மாற்றிவிடலாமா? லென்ஸின் பின்பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். (பெயர் போட வேண்டாம், இந்தப் பத்திரிகையை வீட்டிலும் படிப்பார்கள்.)

பதில்: பெயர் போடவில்லை. கையிலிருந்து போவது 60,000 ரூபாய். அது எதை வாங்கித் தராது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், கடைக்காரர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

இரண்டு லென்ஸிலும் 400 என்பது 400தான். அந்த முனையில் இரண்டிலும் வெளிச்சம் நுழையும் திறப்பு எஃப் 5.6தான். குளத்தின் நடுத்திட்டில் புள்ளியாக நிற்கும் வரித்தலை வாத்து புது லென்ஸிலும் அதே புள்ளியாகத்தான் நிற்கும். சாயங்காலம் வெளிச்சம் இறங்கும்போது ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன் அளவு) ஏறுகிற வேகமும் மாறாது. ‘பறவை கிட்டே வரவில்லை’ என்பது உங்கள் குறை என்றால் இந்தப் பணம் அதைத் தீர்க்காது. அதற்கு டாம்ரான் அல்லது சிக்மாவின் 150-600 வகையறாவைப் பார்க்க வேண்டும். 400-இலிருந்து 600-க்குப் போனால் பறவை ஒன்றரை மடங்கு நீளமாக, பரப்பில் இரண்டேகால் மடங்காக விழும். எடை இரண்டு கிலோவை ஒட்டி வரும், வரப்பில் நடக்கத் தெம்பு இருந்தால் சரி.

சரி, மாறியது என்ன? உங்களுடையது 1998-இல் வந்த வடிவமைப்பு, நண்பருடையது 2014-இல் வந்தது. பதினாறு வருஷ இடைவெளி சும்மா போகவில்லை. உள்ளே 17 கண்ணாடிகள் இருந்த இடத்தில் 21. முழுத் திறப்பில் 400-இல் எடுக்கும் படத்தில் கான்ட்ராஸ்ட் கூடியிருக்கிறது, ஓரங்கள் தெளிந்திருக்கின்றன, ஃபோகஸ் பிடிக்கும் வேகமும் கூடுதல். இழுத்துத் தள்ளுவதற்குப் பதிலாகத் திருகும் வளையம் வந்தது. எடை மட்டும் ஏறத்தாழ 200 கிராம் ஏறிவிட்டது.

ஆனால் நான் பெரிதாக நினைப்பது வேறு இரண்டு. ஒன்று ஐஎஸ், அதாவது கை நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு. பழையது இரண்டு ஸ்டாப் தாங்கும் என்று கணக்கு, புதியது நான்கு. ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம். உங்கள் கேமராவின் சென்சார் சின்னது என்பதால் அதில் 400 என்பது 640-இன் பார்வை. சாதாரணமாக 1/640 விநாடி வேண்டிய இடத்தில் பழையதை வைத்து 1/160 வரை கையில் பிடிக்கலாம், புதியதில் 1/40 வரை. வால்பாறையில் அத்திமரத்து நிழலுக்குள் உட்கார்ந்திருக்கும் இருவாச்சிக்கும் சோலைமந்திக்கும் இது உயிர்நாடி. உங்கள் குளத்திலோ வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது. இறங்கி வரும் மஞ்சள் மூக்கு நாரையை நிறுத்த எப்படியும் 1/2000 வைப்பீர்கள். அந்த வேகத்தில் ஐஎஸ் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடித்து நிறுத்தும், நாரையின் சிறகை நிறுத்தாது.

இன்னொன்று கிட்டப் பார்வை. பழையது 1.8 மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. புதியது 98 சென்டிமீட்டர் வரை வரும். கணக்குப் போட்டால், உங்கள் கேமராவில் பழைய லென்ஸ் ஆகக் கிட்டே காட்டும் சட்டத்தின் அகலம் சுமார் பதினொரு சென்டிமீட்டர், புதியது காட்டுவது ஏழு. கரையோரக் கோரைப்புல்லில் உட்காரும் ஐந்து சென்டிமீட்டர் தட்டான், பழையதில் பாதிச் சட்டத்தைக்கூட எட்டாது. புதியதில் முக்கால்வாசியை நெருங்கிவிடும். பறவைக்கு லென்ஸை மாற்றியவர்கள் பலர் அதற்கப்புறம் தட்டானுக்கும் பட்டாம்பூச்சிக்கும் மாறிப்போனதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்தப் பக்கம் மனசு உண்டா என்று கடிதத்தில் இல்லை.

இனி உங்கள் மழுப்பல் விஷயம். லென்ஸ் பிரித்துப் பூட்டுவது என் தொழில். ‘சாஃப்ட்டாக இருக்கிறது’ என்று என் மேசைக்கு வரும் டெலி லென்ஸ்களில் (தூரத்தை இழுத்துக் காட்டுபவை) நிறையப் பேருடையதில் கண்ணாடிக்கு ஒரு குறையும் இருப்பதில்லை. ஆகவே ஸ்க்ரூடிரைவருக்கு முன்னால் உங்கள் கெட்ட படங்களைப் பார்க்க வேண்டும். நல்ல படங்களை எல்லோரும் அனுப்புகிறார்கள். எனக்கு வேண்டியது நீங்கள் அழித்துவிடும் படங்கள்.

காலை பத்து மணிக்கு மேல் எடுத்தவற்றைத் தனியாக ஒதுக்குங்கள். அவற்றில் தூரத்துப் பறவையின் விளிம்பு நெளிந்து நெளிந்து தெரிந்தால் அது கானல். சூடான சேற்றுக்கும் தண்ணீருக்கும் மேலே காற்று அலையும்போது பத்து லட்ச ரூபாய் லென்ஸும் அதே நெளிசலைத்தான் காட்டும். இதற்கு ஒரே மருந்து சீக்கிரம் எழுந்து போவது. மிச்சம் இருக்கும் காலைப் படங்களில், பறவை மழுங்கி அதற்கு ஒரு முழம் முன்னாலோ பின்னாலோ இருக்கும் புல் மட்டும் கூர்மையாக இருக்கிறதா? அப்படி இருந்தால் சந்தோஷப்படுங்கள். அது லென்ஸின் நோய் அல்ல, லென்ஸும் கேமராவும் ஒத்துப்போகாத கணக்கு. அதைச் சரிசெய்யும் வசதி உங்கள் 7டி மார்க் 2-வின் மெனுவிலேயே இருக்கிறது, ஏஎஃப் மைக்ரோஅட்ஜஸ்ட்மென்ட் என்று.

அதை இப்படிச் சோதியுங்கள். விடிந்ததும், தரை சூடாவதற்கு முன், நல்ல அச்செழுத்து உள்ள ஓர் அரிசிச் சாக்கைச் சுவரில் மாட்டுங்கள். இருபது மீட்டர் தள்ளி ட்ரைபாடில் கேமரா. மொட்டை மாடி போதாவிட்டால் தெருவில் வையுங்கள், நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள், பரவாயில்லை. லென்ஸின் முன்னால் யுவி ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். இந்தப் பழைய 100-400, மலிவு ஃபில்டரை 400-இல் சுத்தமாகப் பொறுக்காது. பாதுகாப்புக்கு என்று போட்ட கண்ணாடியே படத்தைக் கெடுப்பது இந்த லென்ஸில் சகஜம். ஐஎஸ்ஸை அணையுங்கள், பழைய ஐஎஸ்ஸுக்குத் தான் ட்ரைபாடில் நிற்பது தெரியாது, சும்மா நிற்கும் கேமராவில் இல்லாத ஆட்டத்தைத் தேடும். எஃப் 5.6, இரண்டு விநாடி டைமர்.

முதலில் லைவ் வியூவில், அதாவது பின்திரையில் பார்த்தபடி, பத்து மடங்கு பெரிதாக்கி, எழுத்தின் மேல் கையால் ஃபோகஸ் செய்து ஒரு படம். அப்புறம் வ்யூஃபைண்டர் வழியாக ஆட்டோஃபோகஸில் சில படங்கள், ஒவ்வொன்றுக்கும் முன் ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு. கம்ப்யூட்டரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லைவ் வியூ படத்தில் ‘நிகர எடை 25 கிலோ’ என்பது வெட்டு வெட்டாகத் தெரிந்து, ஆட்டோஃபோகஸ் படங்களில் மழுங்கினால், உங்கள் 60,000 ரூபாய் தப்பித்தது. மெனுவில் கூட்டல் இருபது, கழித்தல் இருபது வரை நகர்த்தலாம். 100 முனைக்கு ஓர் எண், 400 முனைக்கு வேறோர் எண் என்று தனித்தனியாகக் கொடுக்கவும் உங்கள் கேமராவில் இடம் உண்டு. இரண்டிரண்டாக நகர்த்திப் படம் எடுத்துப் பாருங்கள், ஒரு காலை வேலை.

லைவ் வியூவிலும் மழுப்பலா? எஃப் 8-க்கு மூடிப் பாருங்கள். எங்கும் ஒரே மாதிரி தெளிந்தால் அதுதான் இந்த லென்ஸின் இயல்பு, எஃப் 8-இலேயே பழகிக்கொள்ளலாம், கூந்தன்குளத்து வெளிச்சத்துக்கு அது சிரமமில்லை. சாக்கின் இடது பக்கம் கூர்மை, வலது பக்கம் மழுப்பல் என்று கோணலாக வந்தால் உள்ளே ஏதோ சாய்ந்திருக்கிறது. லென்ஸை முழுக்க நீட்டி, முனையைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். சின்ன அசைவு இருக்கத்தான் செய்யும். ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் முன்குழலைத் தாங்கி ஓடும் உருளைகளின் திருகுகள் தளர்ந்திருக்கலாம். இழுத்துத் தள்ளும் லென்ஸை வேகமாகத் தள்ளித் தள்ளி மூடுகிறவர்களின் கையில் இது சீக்கிரம் வரும். இது மெக்கானிக்கிடம் போக வேண்டிய கேஸ், மெனுவில் தீராது.

இந்த லென்ஸை ‘தூசி பம்ப்’ என்று கேலி செய்து விற்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நீளும் ஜூம் எல்லாமே காற்றை இழுத்து விடத்தான் செய்யும், உங்கள் நண்பருடையதும் நீளும் வகைதான். உள்ளே நாலு தூசி இருப்பதால் படத்தில் ஒன்றும் தெரியாது. அதைக் காரணமாகச் சொல்லி விலை குறைப்பவரிடம் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பின்பக்கம் ‘யு டபிள்யூ’ என்று இரண்டு எழுத்தும் அதன் பின் எண்களும் தெரிகின்றன. கேனானின் அந்தக் காலக் குறியீட்டில் முதல் எழுத்து உட்சுனோமியா தொழிற்சாலை, இரண்டாவது எழுத்து வருஷம். டபிள்யூ என்றால் 2008. வயசு ஆகிவிட்டது. இப்போதைக்கு ஓடும். ஐஎஸ் பகுதியோ ஃபோகஸ் மோட்டாரோ போய்விட்டால் இந்த மாடலுக்குப் புது உதிரி தேடுவது பெரும்பாடு, செத்த இன்னொரு லென்ஸிலிருந்து எடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். அதற்காக இப்போதே பயந்து விற்க வேண்டாம், அப்படி ஒன்று போனால் அன்றைக்கு ரிப்பேருக்குச் செலவழிக்காமல் லென்ஸையே மாற்றிவிடுங்கள்.

ஆக, குளத்துப் பறவை மட்டும்தான் என்றால் என் பதில்: இப்போது வேண்டாம். சாக்குச் சோதனையைச் செய்யுங்கள். காடும் தட்டானும் உங்கள் ஆசையில் உண்டு என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள், அந்த இரண்டுக்கும் இரண்டாம் பதிப்பு கொடுக்கும் விலைக்கு நியாயம் செய்யும். மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத புதுவகைக் கேமரா) பக்கம் போகும் எண்ணம் மனசில் இருந்தால் பணத்தை அங்கே திருப்புங்கள். அடாப்டர் போட்டு இதே பழைய லென்ஸை கேனான் ஆர்7 போன்ற கேமரா பாடியில் மாட்டலாம். அங்கே ஃபோகஸை சென்சாரே அளப்பதால் மேலே சொன்ன மைக்ரோஅட்ஜஸ்ட்மென்ட் தலைவலியே கிடையாது, பறவையின் கண்ணையும் அதுவே தேடிப் பிடிக்கும்.

கேள்வி: கல்யாண போட்டோகிராபர் நான், ஈரோடு பக்கம். கேனான் 70-200 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு இருக்கிறது. மூன்றாம் பதிப்புக்குப் போகச் சொல்லி அசிஸ்டன்ட் நச்சரிக்கிறான்.

பதில்: தம்பியிடம் டீ வாங்கிக் கொடுத்து இதைச் சொல்லுங்கள். 2010-இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் 2018-இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் கண்ணாடி அமைப்பு ஒன்றே: 19 குழுக்களில் 23 கண்ணாடிகள். மாறியது பூச்சு. எதிர்வெளிச்சத்தில் படம் வெளுத்துப்போவது கொஞ்சம் குறையும், முன் கண்ணாடியில் விரல் ரேகை ஒட்டாமல் துடைக்க வரும், வெளி நிறமும் லேசாக மாறியிருக்கிறது. ஐஎஸ் அளவு காகிதத்தில் நாலிலிருந்து மூன்றரையாகக் குறைந்தே இருக்கிறது, அளக்கும் முறை மாறியதால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். மேடைக்குப் பின்னால் எல்இடி திரையும் வீடியோக்காரர் விளக்கும் லென்ஸுக்கு நேராக அடிக்கும் மண்டபங்களில் பூச்சின் வித்தியாசம் தெரியலாம். ஆல்பம் வாங்குகிற மாமனாருக்குத் தெரியாது. 2001-இல் வந்த முதல் பதிப்பை வைத்திருப்பவர் இரண்டாவதுக்குப் போவதுதான் உண்மையான தாவல், அதை நீங்கள் ஏற்கெனவே தாவிவிட்டீர்கள்.

இதே கேள்வியை ஒரு சோனிக்காரர் கேட்டிருந்தால் பதில் தலைகீழ். அவர்களுடைய 70-200 ஜிஎம் 1,480 கிராம். 2021-இல் வந்த இரண்டாம் பதிப்பு 1,045 கிராம். விடியற்காலை முகூர்த்தத்தில் ஆரம்பித்து ரிசப்ஷன் வரை கழுத்தில் தொங்குகிற ஆளுக்கு அந்த நானூற்றுச் சொச்சம் கிராமுக்கே காசு கொடுக்கலாம்.

கேள்வி: கும்பகோணத்தில் ஸ்டூடியோ. நிக்கான் டி750 முதல் பாடி, டி90 இரண்டாவது பாடி. 70-200 விஆர் 2-வை விற்று அதன் அடுத்த பதிப்பான எஃப்எல் வாங்கலாமா?

பதில்: 2009-இல் விஆர் 2 வந்தபோது முந்தைய லென்ஸின் மூலை மழுப்பல் தீர்ந்தது. கூடவே ஒரு வம்பும் வந்தது. ஒன்றரை மீட்டர் கிட்டத்தில் ஃபோகஸ் செய்தால், வளையம் 200 என்று காட்டினாலும் படம் 135 அளவுக்குத்தான் நெருங்கும். மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியை மட்டும் எடுக்க நினைத்தவர்கள் இதில் எரிச்சலானார்கள். 2016-இல் வந்த எஃப்எல் அதைச் சரிசெய்துவிட்டது, எடையும் குறைந்தது. டி750-க்கு அருமையான லென்ஸ்.

ஆனால் உங்கள் டி90? எஃப்எல்-இல் திறப்பை மூடுவது பழைய நெம்புகோல் இல்லை, மின்சாரக் கட்டளை. டி90-க்கு அந்தப் பாஷை தெரியாது. மாட்டினால் எப்போதும் எஃப் 2.8-லேயே திறந்து நிற்கும், குடும்பம் மொத்தமும் நிற்கும் குரூப் போட்டோவில் பின்வரிசை மாமாக்கள் எல்லோரும் மங்கிவிடுவார்கள். டி90-ஐ ஓய்வுக்கு அனுப்பத் தயார் என்றால் வாங்குங்கள்.

கேள்வி: வேதாரண்யத்திலிருந்து எழுதுகிறேன். கோடியக்கரைப் பூநாரைகளுக்காகப் பழகிய டெலி ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறேன், புதிய பதிப்பு. கடையில் நின்று எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: உங்கள் ஊருக்குப் பொருத்தமான கேள்வி. உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் புழங்கிய லென்ஸா என்பதை, கேமராவில் பூட்டும் மவுண்ட்டின் திருகுகள் சொல்லும். தலையில் துரு புள்ளி இருந்தால் உள்ளே என்ன நிலையோ. திருகின் பள்ளம் மட்டும் பளபளவென்று சிதைந்திருந்தால் யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள்.

செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தனித்தனிப் புள்ளி தூசி, விட்டுவிடலாம். நூல் நூலாகக் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் ஃபங்கஸ், விலை எவ்வளவு இறங்கினாலும் தொடாதீர்கள். ஐஎஸ்ஸைப் போட்டு ஷட்டரைப் பாதி அழுத்தி வ்யூஃபைண்டரில் பாருங்கள், காட்சி ஒரு கணம் துள்ளி அப்படியே நிற்க வேண்டும். நிற்காமல் மிதந்துகொண்டே இருந்தாலோ கரகரவென்று சத்தம் வந்தாலோ கீழே வைத்துவிடுங்கள். கடைசியாக, உங்கள் பாடியையும் உங்கள் மெமரி கார்டையும் கொண்டுபோய், எதிர்த்த கடை போர்டை முழுத் திறப்பில் நாலு மூலையும் வரும்படி எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள், அன்றைக்கே வாங்காவிட்டால் போய்விடும் என்று கடைக்காரர் சொன்னால் போகட்டும்.